அரியமங்கலம் குப்பைக் கிடங்கும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும்

அரியமங்கலம் குப்பைக் கிடங்கு திருச்சிராப்பள்ளி மாநகரின் கிழக்குப் பகுதியில், 47.7 ஏக்கர் பரப்பில் அமைந்த திடக்கழிவுக் கொட்டிடம் ஆகும். 1967 முதல் இங்கு நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. 1994-இல் மாநகராட்சி உருவானபின் திருவரங்கம், பொன்மலை ஆகிய பகுதிகளின் குப்பையும் இங்கேயே வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் ஊருக்கு வெளியே இருந்த இந்த இடம் காலப்போக்கில் வீடுகளால் சூழப்பட்டது. பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் இங்குள்ள பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டதும், மீட்கப்படும் நிலத்தில் என்ன செய்யலாம், அதன் அருகே மனை வாங்குவது எந்த அளவுக்குப் பாதுகாப்பானது என்ற கேள்விகள் எழுந்தன. இந்தக் கிடங்கின் வரலாற்றையும், பழைய குப்பைமேடுகளின் மீதோ அருகிலோ வீடு அமைவது தொடர்பான சட்டங்களையும் பிற இடங்களின் அனுபவங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

அமைவிடம்

அரியமங்கலம் திருச்சி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. பால்பண்ணை சந்திப்பும் சென்னை புறவழிச்சாலையும் இதற்கு அருகில் உள்ளன. தெற்கே பொன்மலை இரயில்வே குடியிருப்பும், கிழக்கே காட்டூர், திருவெறும்பூர் ஆகிய பகுதிகளும் அமைந்துள்ளன. சோழர் காலப் பெயரைத் தாங்கிய உய்யக்கொண்டான் வாய்க்கால் இவ்வட்டாரத்தின் வழியே கிழக்கு நோக்கிச் செல்கிறது. வயல்களும் வாய்க்கால்களும் நிறைந்திருந்த இந்நிலப்பகுதி 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நிறைந்த புறநகராக மாறியது.

நகராட்சிகளும் குப்பையும்

1865-ஆம் ஆண்டின் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 1866 நவம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைக்கப்பட்டது. திருவரங்கம் 1871 முதல் தனி நகராட்சியாக இருந்தது. தெருக்களைக் கூட்டுவதும் குப்பையை ஊருக்கு வெளியே அகற்றுவதும் நகராட்சிகளின் அடிப்படைக் கடமைகளில் அடங்கின.

அக்காலக் குப்பையில் பெரும்பகுதி மட்கக்கூடியது. காய்கறிக் கழிவு, வாழை இலை, சாணம், சாம்பல், வைக்கோல் ஆகியவை எருக்குழியில் சில மாதங்களில் மட்கிவிடும். இத்தகைய எருவுக்கு வயல்களில் தேவையும் இருந்தது. நெகிழிப் பைகள், செயற்கை இழைத் துணி, மின்கலம், வண்ணப்பூச்சு, மின்னணுப் பொருள்கள் ஆகியவை பரவலான பிறகே நகரக் குப்பையின் தன்மை மாறியது. மட்காத பொருள்கள் கலந்த குப்பையை வயலில் இட முடியாது. அதனால் அது கொட்டிய இடத்திலேயே மேடாகத் தங்கியது.

கிடங்கின் தொடக்கம்

1967-இல் அரியமங்கலத்தில் குப்பை கொட்டத் தொடங்கியபோது அது நகரின் வெளி விளிம்பாக இருந்தது. அதன் அடியில் நீர் இறங்காதபடி தடுக்கும் விரிப்போ, கசிவுநீரைச் சேகரிக்கும் குழாயோ, வாயுவை வெளியேற்றும் அமைப்போ கிடையாது. அக்காலத்தில் இந்திய நகரங்களின் பொதுவான வழக்கம் அதுவே. பள்ளமான அல்லது பயன்படாத நிலம் ஒன்றில் வண்டிகள் குப்பையைக் கவிழ்த்துச் செல்லும். இத்தகைய இடத்தைத் துறைசார் வழக்கில் திறந்தவெளிக் கொட்டிடம் என்பர். அடியில் விரிப்பும் மேலே மூடாக்கும் கொண்டு திட்டமிட்டு அமைக்கப்படும் சுகாதார நிலநிரப்பு இடத்திலிருந்து இது வேறுபட்டது.

1994 ஜூன் 1 அன்று திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளும் அருகிலிருந்த சில ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானது. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான தீவு. அங்கு நிலத்தடி நீர் ஆழமற்றது. மாநகரின் குடிநீரும் இவ்விரு ஆறுகளின் மணற்படுகையில் அமைந்த கிணறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே பெரும் கொட்டிடத்துக்கு ஏற்ற நிலம் தீவில் இல்லை. வைகுண்ட ஏகாதசி முதலிய விழாக் காலங்களில் பெருகும் திருவரங்கத்தின் குப்பையும், காந்தி மார்க்கெட்டின் காய்கறிக் கழிவும், தில்லைநகர், உறையூர் வீடுகளின் குப்பையும் அரியமங்கலம் என்னும் ஒரே இடத்துக்குச் சென்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,47,387. 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, அரியமங்கலத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 முதல் 470 டன் குப்பை வந்ததாகக் குறிப்பிடுகிறது. இது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் முதல் 1.7 லட்சம் டன் ஆகும்.

குடியிருப்புகள் நெருங்கி வந்த விதம்

திருச்சியின் கிழக்குப் பக்க வளர்ச்சிக்குத் தொழிற்சாலைகளே முதன்மைக் காரணம். நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்ட இரயில்வே பணிமனை 1928 முதல் பொன்மலையில் இயங்குகிறது. 1960-களில் திருவெறும்பூர் அருகே பாரத மிகுமின் நிறுவனமும் படைக்கலத் தொழிற்சாலையும் தொடங்கப்பட்டன. இவற்றைச் சார்ந்த சிறுதொழிற்கூடங்களும் தஞ்சாவூர் சாலையின் இருபுறமும் பெருகின. தொழிலாளர்களுக்கும் சிறுவணிகர்களுக்கும் பணியிடத்துக்கு அருகில் வீடு தேவைப்பட்டது.

குப்பைமேட்டுக்கு அருகிலுள்ள மனையின் விலை, அதே தொலைவில் நகரின் வேறு திசையில் உள்ள மனையின் விலையைவிடக் குறைவாக இருப்பது உலகெங்கும் காணப்படும் இயல்பு. குறைந்த வருவாயுள்ள குடும்பங்கள் இத்தகைய இடங்களில் குடியேறுவதற்கு இதுவே காரணம். சாலை, பேருந்து, பள்ளி, வேலை ஆகியவை அருகில் இருக்க, புகையும் நாற்றமும் மட்டுமே குறையாகத் தோன்றும். கிடங்கு விரைவில் அகற்றப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் அந்த முடிவில் கலந்திருக்கும்.

இதனால் அரியமங்கலத்தில் இரு வகை மக்கள் அருகருகே வாழ நேர்ந்தது. கிடங்கு வருவதற்கு முன்பே அவ்வூரில் இருந்தவர்கள் ஒரு வகை. கிடங்கு இருப்பதை அறிந்தே பிற்காலத்தில் மனை வாங்கியவர்கள் இன்னொரு வகை. கிடங்கை அகற்றக் கோரும் போராட்டங்களில் இரு தரப்பினரும் பங்கேற்றனர். “தெரிந்துதானே வாங்கினார்கள்” என்ற வாதம் பிந்தையவர்களை நோக்கி எழுப்பப்படுவதுண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த குப்பைமேட்டை அறிந்து வாங்கியவர்களும், அதன் அடியில் மண்ணிலும் நீரிலும் நடந்துகொண்டிருந்ததை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சுற்றுச்சூழல் பாதிப்புகள்

குப்பைமேட்டின் பாதிப்புகளில் முதலில் தெரிவது புகை. அரியமங்கலம் கிடங்கில் கோடைக் காலங்களில் பலமுறை தீப்பற்றியுள்ளது. மேல்பரப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு மீண்டும் வெளிப்படும். காற்று புகாத நிலையில் குப்பை மட்கும்போது உருவாகும் மீத்தேன் வாயுவே இதற்கு ஒரு காரணம். குப்பைமேட்டு வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. காற்றில் மீத்தேனின் அளவு 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டாலும் அது வெடிக்கக்கூடும்.

இரண்டாவது பாதிப்பு கசிவுநீர். குப்பையில் இருக்கும் ஈரமும் மழைநீரும் சேர்ந்து, வழியிலுள்ள உப்புகளையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அரியமங்கலம் கிடங்கைச் சுற்றி எடுத்த மண் மாதிரிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் மாங்கனீசு, ஈயம், தாமிரம், காட்மியம் ஆகிய உலோகங்கள் காணப்பட்டன. கசிவுநீர் மண்ணில் பரவியதை இது காட்டுவதாகவும், தடுப்பு நடவடிக்கை இல்லையெனில் காலப்போக்கில் நிலத்தடி நீரும் மாசுபடக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

மூன்றாவது பாதிப்பு நிலம் அமிழ்தல். மட்கும் குப்பை ஆண்டுக்கணக்கில் கன அளவு குறைந்துகொண்டே வரும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறையாததால், அதன்மேல் எழுப்பிய கட்டடத்தின் ஒரு பக்கம் மட்டும் இறங்கிச் சுவரில் விரிசல் விழலாம். குடிநீர், கழிவுநீர்க் குழாய்களும் உடையலாம்.

சட்டங்களும் விதிகளும்

இந்தியாவில் நகரக் குப்பை தொடர்பான விதிகளுக்கு வழிவகுத்தது, அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. அதன் தொடர்ச்சியாக 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியிடப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 2016 ஏப்ரலில் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன.

2016 விதிகளின்படி புதிய நிலநிரப்பு இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளத்திலிருந்து 200 மீட்டரும், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப்பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவு வேண்டும். உரிய துறையின் தடையில்லாச் சான்று பெற்றால் 10 முதல் 20 கிலோமீட்டருக்குள்ளும் அமைக்கலாம். திருச்சி விமான நிலையம் அரியமங்கலத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலையும் வீடுகளும் பக்கத்திலேயே உள்ளன. 1967-இல் தேர்ந்தெடுத்த இடத்தை 2016 விதிகளின்படி தேர்ந்தெடுக்க இயலாது.

வீடு கட்டுவோருக்கு நேரடியாகத் தொடர்புடைய விதி ஒன்றும் இவற்றில் உண்டு. மூடப்பட்ட நிலநிரப்பு இடத்தைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். அதன் பின்னரும் வாயு வெளியேற்றம், கசிவுநீரின் தன்மை, மண்ணின் உறுதி ஆகிய மூன்றும் உரிய தரத்தில் இருப்பதை உறுதி செய்த பிறகே அந்நிலத்தை மக்கள் குடியிருப்புக்குப் பயன்படுத்துவது குறித்துப் பரிசீலிக்கலாம்.

குப்பைமலை அகற்றம்

திருச்சி 2017 ஜூனில் பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. அதற்கு முன்பே மாநகராட்சி, வீடுகளில் மட்கும் குப்பை, மட்காத குப்பை எனப் பிரித்து வாங்கும் முறையைத் தொடங்கி, பகுதிதோறும் நுண் உரமாக்கல் மையங்களை அமைத்து வந்தது. எல்லாக் குப்பையும் அரியமங்கலத்துக்கே செல்லும் நிலையை மாற்றுவது இதன் நோக்கம்.

ஏற்கெனவே குவிந்திருந்த குப்பையை அகற்ற பயோமைனிங் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 7.59 லட்சம் கன மீட்டர் பழைய குப்பை இருப்பதாகக் கணக்கிடப்பட்டு, சுமார் 49 கோடி ரூபாய் மதிப்பில் பணி மேற்கொள்ளப்பட்டது. இந்த அளவை 47.7 ஏக்கர் முழுவதும் சமமாகப் பரப்பினால் ஏறக்குறைய 4 மீட்டர் உயரம் வரும். அது ஒரு வீட்டின் ஒரு தளத்தைவிட உயரமானது.

பயோமைனிங்கில் குப்பைமேடு முதலில் அடுக்கடுக்காகக் கிளறப்படுகிறது. நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துப் புரட்டிவிடும்போது குப்பை மட்கி உலர்கிறது. பின்னர் சுழலும் பெரிய சல்லடைகளில் சலித்துப் பிரிக்கப்படுகிறது. எரியக்கூடிய நெகிழியும் துணியும் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பப்படுகின்றன. கல், செங்கல் துண்டுகள் பள்ளம் நிரப்பப் பயன்படுகின்றன. எஞ்சுவது மண் போன்ற நுண்துகள். இதில் உலோகங்களும் நுண்நெகிழியும் கலந்திருக்கக்கூடும் என்பதால் சோதிக்காமல் வயலில் இடக் கூடாது. இத்தகைய பணிகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் வெளியிட்டது.

அரியமங்கலத்தில் பணி திட்டமிட்ட காலத்துக்குள் முடியவில்லை. ஈரமான குப்பையைச் சலிக்க இயலாததால் மழைக்காலங்களில் வேகம் குறைந்தது. பழைய குப்பை ஒருபுறம் அகற்றப்பட, புதிய குப்பை மறுபுறம் சேர்ந்ததால் அகற்ற வேண்டிய அளவும் கூடியது.

பத்திரமும் மண்ணும்

தமிழ்நாட்டில் வீட்டுமனை வாங்குவோர் வழக்கமாகத் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றைப் பார்க்கின்றனர். இவை முதன்மையாக உரிமை தொடர்பான ஆவணங்கள். வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும். பட்டா யார் பெயரில் நிலம் உள்ளது என்பதைக் காட்டும். அந்த நிலத்தில் முன்பு குப்பை கொட்டப்பட்டதா, பள்ளம் எதைக் கொண்டு நிரப்பப்பட்டது என்பதை அறிய இவை உதவுவதில்லை. ஆகவே வில்லங்கம் இல்லாத மனையிலும் மண் கெட்டிருக்கலாம்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு இதற்கு ஓரளவு தீர்வு தருகிறது. சொத்தில் முக்கியமான குறைபாடு இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருந்து, சாதாரண கவனத்தால் கண்டறிய முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் விடுவதை அச்சட்டம் மோசடியாகக் கருதுகிறது. ஆனால் மேடு மூடப்பட்டு நிலம் பல கை மாறிவிட்டால், கடைசியாக விற்பவருக்கே அதன் பழைய வரலாறு தெரியாமல் போகலாம். அப்போது இச்சட்டத்தின் பயன் குறைந்துவிடுகிறது.

பிற இடங்களின் அனுபவம்

இப்படி நிலத்தின் வரலாறு மறக்கப்பட்டதற்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லவ் கெனால் பெரிதும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அங்கு வெட்டி முடிக்கப்படாத கால்வாய் ஒன்றில் 1942 முதல் சுமார் 20,000 டன்னுக்கும் மேற்பட்ட வேதிக்கழிவு புதைக்கப்பட்டது. 1953-இல் அந்த நிலத்தை வேதி நிறுவனம் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்கு விற்றது. கழிவு புதைக்கப்பட்டிருப்பது அப்பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் அங்கு பள்ளியும் அருகே வீடுகளும் எழுந்தன. வீடு வாங்கிய குடும்பங்களுக்கு அந்த எச்சரிக்கை சென்று சேரவில்லை. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார். மாசடைந்த நிலங்களைச் சீர்செய்வதற்கான அமெரிக்கச் சட்டம் 1980-இல் இயற்றப்பட இதுவே தூண்டுதலாக அமைந்தது.

இங்கிலாந்தின் லாஸ்கோ என்னும் ஊரில் புதைந்திருந்தது வீட்டுக் குப்பை முதலிய சாதாரணக் கழிவு. அதிலிருந்து கிளம்பிய மீத்தேன் நிலத்தடிப் பாறை இடுக்குகள் வழியே நகர்ந்து, 1986 மார்ச் 24 அன்று அருகிலிருந்த ஒரு வீட்டில் வெடித்தது. வீடு தரைமட்டமானது, உள்ளே இருந்த மூவர் காயமடைந்தனர். குப்பை புதைந்த இடத்தின்மேல் கட்டப்படாத வீட்டுக்கும் ஆபத்து வரலாம் என்பதை இது உணர்த்தியது.

மும்பையின் மலாட் பகுதியில் பழைய குப்பைமேட்டில் எழுந்த அலுவலக வளாகங்களில், மண்ணிலிருந்து கசிந்த வாயுக்களால் கணினிப் பாகங்கள் அரித்துப் பழுதடைந்தன. இலங்கையில் கொழும்பு அருகே மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, தமிழ் – சிங்களப் புத்தாண்டு நாளில், குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியதில் 32 பேர் உயிரிழந்தனர்.

மனை வாங்குவோர் அறிய வேண்டியவை

ஒரு மனை பழைய கொட்டிடத்தின் மீதோ அருகிலோ உள்ளதா என்பதை ஆவணங்களுக்கு வெளியே தேட வேண்டியுள்ளது.

வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடும் புலப்படமும் அந்தச் சர்வே எண்ணின் முந்தைய வகைப்பாட்டைக் காட்டும். குளம், வாய்க்கால், புறம்போக்கு என இருந்த இடங்களே குப்பையால் நிரப்பப்படுவது வழக்கம் என்பதால் இது முதல் துப்பாக அமையும். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாக ஒப்பிட்டால் நிலத்தின் மாற்றம் தெரியும். தலைமுறையாக அங்கு வாழும் முதியவர்களின் நினைவும் இதற்கு உதவும். மாநகராட்சியின் பழைய கொட்டிடங்கள் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.

அடுத்தது சோதனை. கடைக்கால் போடும் ஆழத்தைத் தாண்டி மண்ணைத் துளையிட்டு எடுத்தால், நெகிழி, கண்ணாடி, கருநிற மட்கு ஆகியவை இருப்பது தெரிந்துவிடும். மண்ணின் தாங்குதிறனையும் அப்போதே அளக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்புகள், நைட்ரேட், உலோகங்கள் ஆகியவற்றின் அளவைச் சோதிக்க வேண்டும். நீரின் நிறமும் சுவையும் மட்டும் நம்பத்தக்கவை அல்ல. கரைந்த ஈயத்தையோ காட்மியத்தையோ நாக்கு அறியாது.

மீட்கப்பட்ட நிலத்தின் எதிர்காலம்

குப்பை முழுவதும் தோண்டி எடுக்கப்பட்ட நிலமும், குப்பையின்மேல் மண் போட்டு மூடப்பட்ட நிலமும் வெவ்வேறானவை. முன்னதில் வாயுவும் அமிழ்தலும் பெருமளவு நீங்கிவிடும். ஆயினும் அரை நூற்றாண்டாகக் கீழே இறங்கிய கசிவுநீர் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் எஞ்சியிருக்கும். மூடப்பட்ட இடங்களுக்கு விதி கூறும் 15 ஆண்டுக் காலம் தோண்டப்பட்ட நிலத்துக்கும் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபடலாம். வாயு, கசிவுநீர், மண் உறுதி ஆகிய மூன்று சோதனைகளின் தேவை இரண்டுக்கும் பொதுவானது.

குப்பைமலை மறைந்ததும் சுற்றியுள்ள மனைகளின் விலை உயர்வது இயல்பு. புகையையும் நாற்றத்தையும் பல ஆண்டுகள் தாங்கிய குடும்பங்களுக்கு அது நியாயமான பயனே. அதே சமயம், புதிதாக வருபவர்கள் மேடு இருந்த இடத்தைப் பார்க்க இயலாது; அவர்களுக்கு அது வெறும் சமதளம். கிடங்கின் எல்லை, தோண்டிய ஆழம், மண் மற்றும் நீர்ச் சோதனை முடிவுகள் ஆகியவை சர்வே எண் வாரியாகப் பொதுப் பதிவில் இருந்தால், லவ் கெனாலில் முதல் பத்திரத்தோடு நின்றுபோன எச்சரிக்கை அரியமங்கலத்தில் அடுத்தடுத்து மனை வாங்குவோருக்கும் கிடைக்கும்.